நடுவர் இல்லாத டென்னிஸில் ‘அவுட்’ சொல்வது யார்?

டென்னிஸை ‘ஜென்டில்மேன் ஆட்டம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். விம்பிள்டனின் வெள்ளை உடை, அரங்கத்தின் அமைதி, ஆட்டம் முடிந்ததும் வலைக்கு மேலே கைகுலுக்கல் எல்லாம் சேர்ந்து, இது ஏதோ பணக்கார கிளப்புகளின் நாசூக்கு என்ற எண்ணத்தைப் பலருக்கும் கொடுத்திருக்கின்றன. இன்னும் சிலருக்கு விளையாட்டுப் பண்பு என்றால் தோற்றாலும் சிரித்த முகமாகப் போவது. இரண்டுமே விஷயத்தின் ஓரத்தைத்தான் தொடுகின்றன.

டிவியில் வருவது உலகத்தில் ஆடப்படும் டென்னிஸில் ஒரு துளி. மிச்சமெல்லாம் பள்ளி மைதானத்திலும், குடியிருப்புக் கோர்ட்டிலும், ஜூனியர் போட்டிகளின் முதல் சுற்றிலும் நடக்கிறது. அங்கே உயரமான நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், கோட்டைப் பார்த்துச் சொல்லவும் ஆள் கிடையாது. ஆடுகிற இருவரேதான் நடுவர்களும். டென்னிஸ் மரியாதை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து வந்தது. இது பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கும்.

தராசு யார் கையில்?

காய்கறிக் கடையில் தராசு கடைக்காரர் கையில் இருக்கிறது. நிறுப்பதும் அவர்தான், காசு வாங்குவதும் அவர்தான். நேர்மையான கடைக்காரர் தட்டு கொஞ்சம் நம் பக்கம் தாழ்ந்த பிறகே காயைக் கொட்டுவார். முள் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் ‘சரியா நிறுத்தாரா?’ என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் தாழவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

நடுவர் இல்லாத டென்னிஸும் அப்படித்தான். வலைக்கு உங்கள் பக்கம் விழும் ஒவ்வொரு பந்தையும் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். எதிராளி அடித்த பந்து உங்கள் பேஸ்லைன் பக்கம், அதாவது கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டுப் பக்கம் விழுகிறது. வெளியே என்று சொன்னால் உங்களுக்குப் புள்ளி, உள்ளே என்றால் அவருக்கு. தீர்ப்பு சொல்கிறவரே ஆதாயம் பெறுகிறவரும். பெரும்பாலான விளையாட்டுகளில் இப்படி ஒருவரைத் தீர்ப்பு சொல்ல விட மாட்டார்கள். டென்னிஸ் விடுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சந்தேகம் இருந்தால் அதன் பலன் எதிராளிக்குப் போக வேண்டும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப், நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கென்று எழுதியிருக்கும் வழிகாட்டுதலில் இது கட்டளையாகவே இருக்கிறது. அமெரிக்க டென்னிஸ் சங்கம் ‘தி கோட்’ என்று தனியாகவே ஒரு நடத்தைத் தொகுப்பு வைத்திருக்கிறது. அதன் கணக்குப்படி 99 சதவீதம் வெளியே விழுந்த பந்தும் 100 சதவீதம் உள்ளேதான். எல்லைக் கோட்டின் ஒரு நூலிழையைத் தொட்டாலும் பந்து நல்ல பந்து.

கண் எவ்வளவு தூரம் நம்பகமானது?

‘நான்தான் பார்த்தேனே, அப்புறம் என்ன சந்தேகம்?’ என்று புதிதாக ஆடுகிறவர்கள் கேட்பார்கள். சந்தேகம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். கோர்ட்டின் முழு நீளமே 23.77 மீட்டர்தான். பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. கோட்டின் அகலம் 2.5 முதல் 5 சென்டிமீட்டர். பேஸ்லைன் மட்டும் 10 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். இத்தனையும் நடக்கும்போது நீங்கள் நின்று பார்ப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். தலை ஆடுகிறது, ராக்கெட்டைப் பின்னால் இழுத்தாகிவிட்டது, மனசு அடுத்த அடியில் இருக்கிறது.

இதோடு பார்வைக் கோணமும் சேர்கிறது. கோட்டுக்கு நேர் பின்னால், அதன் நீளவாக்கில் பார்க்கிறவருக்குப் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். குறுக்கே, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது, ஊகம்தான். அதனால்தான் இரட்டையர் ஆட்டத்தில் சர்வை, அதாவது புள்ளியைத் தொடங்கும் அடியை, எதிர்கொள்பவரின் கூட்டாளி சர்வீஸ் கோட்டை (சர்வ் விழ வேண்டிய கட்டத்தின் பின்கோட்டை) பார்த்துச் சொல்கிறார். அவர் நிற்கும் இடம் அதற்கு வாகானது. ஜோடியில் ஒருவர் ‘அவுட்’ என்று சொல்லி, மற்றவர் ‘இல்லை, கோட்டில் பட்டது’ என்றால் பந்து உள்ளே. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரியவில்லை என்றாலே அங்கே சந்தேகம் வந்துவிட்டதே.

புதியவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே தரையைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அவுட். ‘வெளியே போன மாதிரி இருந்தது’ என்றால் நல்ல பந்து, ஆடுங்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்ப்போம். உங்கள் பக்கத்துக்கு நீங்கள்தான் நடுவர். நடுவருக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது, கண்ணும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. இந்த இரண்டு குறையையும் ஈடுகட்டத்தான் சந்தேகத்தின் பலனை எதிராளிக்குக் கொடுக்கிறோம். பெருந்தன்மைக்காகச் செய்வதல்ல இது. இது இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது.

சொல்லும் விதம்

அவுட் என்றால் உடனே சொல்ல வேண்டும், எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். கூடவே ஆள்காட்டி விரலை உயர்த்துவது வழக்கம். பந்து உள்ளே என்றால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எதிராளி கேள்வியோடு பார்த்தால் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்துக் காட்டினால் போதும். பந்தைத் திருப்பி அடித்து, அது வலையில் மாட்டியதைப் பார்த்த பிறகு ‘அது அவுட்தான்’ என்று சொல்வதுதான் கோர்ட்டில் மிக அதிகச் சண்டைக்குக் காரணம். தாமதமான தீர்ப்பு விளைவைப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பாகத்தான் எதிராளிக்குத் தெரியும்.

‘அவுட்’ சொன்ன பிறகு தப்பு என்று நமக்கே தெரிந்தால் என்ன செய்வது? மாற்றிச் சொல்ல வேண்டும். ஐடிஎஃப் முறையில் முதல் தடவை என்றால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடலாம். ஆனால் அது எப்படியும் எடுக்க முடியாத பந்தாக இருந்தாலோ, அதே ஆட்டத்தில் முன்பே ஒருமுறை இப்படி மாற்றியிருந்தாலோ, புள்ளி எதிராளிக்கு. அமெரிக்க முறை இன்னும் கண்டிப்பானது: மாற்றிச் சொன்னாலே புள்ளி போய்விடும்.

வெளியே நிற்பவர்களைக் கேட்கக் கூடாது. ‘அங்கிள், நீங்க பார்த்தீங்களா?’ என்று வேலிக்கு வெளியே இருப்பவரைக் கூப்பிடுவது சகஜமாக நடக்கிறது, ஆனால் அவருக்கு அதில் இடமே இல்லை. ஜூனியர் போட்டிகளில் பெற்றோர் வேலியைப் பிடித்துக்கொண்டு ‘அவுட்! அவுட்!’ என்று கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து வயதுப் பிள்ளை தன் கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்லப் பழக வேண்டிய நேரம் அது. அப்பாவின் குரலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பழகிய பிள்ளைக்குத் தனியாக ஆடும்போது என்ன செய்வதென்றே தெரியாது. இந்த ஒரு பழக்கத்தைப் பெற்றோர் விட்டுவிட்டால் ஜூனியர் டென்னிஸில் பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் உறுதியான கருத்து.

தன்மேல் தானே சொல்ல வேண்டியவை

கோட்டில் விழும் பந்தை இரண்டு பேரும் பார்க்கலாம். சில விஷயங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஓடிப்போய் எடுத்த பந்து ராக்கெட்டுக்கு வருமுன் இரண்டாவது முறை தரையில் குத்திவிட்டதா, ஆட்டத்தின் நடுவே கை வலையில் பட்டதா, பந்து சட்டையை உரசியதா? இவற்றில் எதுவும் நடந்திருந்தால் புள்ளி எதிராளிக்குத்தான். ஆனால் எதிராளி 20 மீட்டருக்கு அப்பால் நிற்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் யாருக்கு நடந்ததோ அவரே சொல்ல வேண்டும்.

இதற்கு டென்னிஸ்காரர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் 1935-இல் நடந்தது. விம்பிள்டனில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் டேவிஸ் கோப்பை (நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டி) இரட்டையர் ஆட்டம். ஜெர்மனிக்கு மேட்ச் பாயின்ட், அதாவது அதை எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளி. அதை ஜெர்மனி எடுத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஜெர்மனியின் காட்ஃபிரீட் ஃபான் கிராம், தன் கூட்டாளி அடிப்பதற்கு முன் பந்து தன் ராக்கெட்டை லேசாகத் தொட்டுவிட்டது என்று நடுவரிடம் போய்ச் சொன்னார். இரட்டையரில் ஒரு பந்தை ஜோடியில் ஒருவர்தான் அடிக்கலாம். நடுவருக்கும் அது தெரியவில்லை, எதிராளிகளுக்கும் தெரியவில்லை. புள்ளி போனது, கடைசியில் ஆட்டமும் போனது.

களிமண் கோர்ட்டில் ஒரு சாட்சி

களிமண் தரையில் பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். அவுட் சொன்னவரிடம் எதிராளி கேட்டால் அந்தத் தடத்தைக் காட்ட வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் வலையைத் தாண்டி வந்து பார்க்கவும் எதிராளிக்கு அனுமதி உண்டு. தடத்தை அழித்துவிட்டால்? அழித்தவர் தன் தீர்ப்பை விட்டுக்கொடுத்ததாகவே கணக்கு.

2023 ஜூலையில் புடாபெஸ்ட் போட்டியில் நடந்ததை இதை வைத்துப் பார்த்தால் ஏன் அத்தனை கோபம் எழுந்தது என்று புரியும். சீனாவின் ஜாங் ஷுவாய் அடித்த பந்து அவுட் என்று அறிவிக்கப்பட்டது. நடுவர் இருந்த ஆட்டம்தான் அது. கோட்டில் பட்டது என்று ஜாங் வாதாடினார். தடத்தை விட்டுவைக்கச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எதிரே ஆடிய ஹங்கேரியின் அமரிசா டோட் நடந்துபோய்க் காலால் அதைத் தேய்த்து அழித்தார். கொஞ்ச நேரத்தில் ஜாங் கண்ணீரோடு ஆட்டத்தைக் கைவிட்டார். பல வீராங்கனைகள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள், டோட் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். கோர்ட்டில் இருந்த ஒரே சாட்சியை ஒரு தரப்பே அழித்துவிட்டதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி 2005-இல் ரோமில் நடந்தது. அமெரிக்க வீரர் ஆண்டி ராடிக்குக்கு மேட்ச் பாயின்ட். எதிரே ஆடிய ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வை, கோட்டைப் பார்த்துச் சொல்லும் லைன் நடுவர் அவுட் என்று சொல்லிவிட்டார். இரண்டு சர்வும் தவறினால் புள்ளி எதிராளிக்கு; ஆக ஆட்டம் முடிந்தது. வெர்டாஸ்கோ கைகுலுக்க வலைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். ராடிக் தரையில் இருந்த தடத்தைக் காட்டி, பந்து கோட்டில் பட்டிருக்கிறது என்று நடுவரிடம் சொன்னார். தீர்ப்பு மாறியது. அங்கிருந்து ஆட்டத்தைத் திருப்பிய வெர்டாஸ்கோ மூன்று செட்டில் ஜெயித்தார் (புள்ளிகள் சேர்ந்தது கேம், கேம்கள் சேர்ந்தது செட்). நாற்காலியில் நடுவர் இருந்ததால் ராடிக் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நடுவர் இல்லாத கோர்ட்டில் சிறுவயதில் பழகியதை, நடுவர் இருக்கும் கோர்ட்டிலும் அவர் செய்தார் என்றே எனக்குத் தோன்றும்.

சுருக்கமாக இந்தப் பகுதி: எதிராளிக்குத் தெரியாததை நாமே சொல்ல வேண்டும், சாட்சி இருந்தால் அதை விட்டுவைக்க வேண்டும்.

சின்னச் சின்ன மரியாதைகள்

மற்றவை எளிது. சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு புள்ளிக்கும் முன் ஸ்கோரை உரக்கச் சொல்ல வேண்டும். ‘முப்பது-நாற்பதா, நாற்பது-முப்பதா?’ என்ற தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் தகராறு வந்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் புள்ளிகளையும் கேம்களையும் மட்டும் கணக்கில் வைத்துத் தொடர வேண்டும். எதிராளி தயாராகும் முன் சர்வ் போடக் கூடாது. தெளிவாக வெளியே விழுந்த முதல் சர்வைப் பலமாகத் திருப்பி அடிக்க வேண்டாம்; அவர் இரண்டாவது சர்வுக்குத் தயாராகும் நேரத்தில் பந்து எங்கேயோ உருண்டுகொண்டிருக்கும். பந்தைக் கொடுக்கும்போது ஒரு குத்து குத்தி அவர் கைக்கு வரும்படி அனுப்புங்கள்.

பக்கத்துக் கோர்ட்டிலிருந்து பந்து உருண்டு வந்தால் உடனே கையைத் தூக்கி ‘லெட்’ சொல்லலாம். லெட் என்றால் அந்தப் புள்ளி செல்லாது, மறுபடி ஆட வேண்டும். காலில் பந்து சிக்கிக் கணுக்கால் மடங்கிவிடக்கூடும் என்பதால் இதில் தயங்கவே கூடாது. உங்கள் பந்து அடுத்த கோர்ட்டுக்குப் போனால் அவர்கள் புள்ளி முடியும்வரை காத்திருங்கள். ஒரு கோர்ட்டுக்குப் பின்னால் நடந்து போகவும் அதே கணக்கு.

மரியாதைக் குறைவு என்று தவறாக நினைக்கப்படுபவை

கையைத் தலைக்கு மேலே தூக்காமல் கீழிருந்து போடும் சர்வைப் பார்த்ததும் அவமானப்படுத்துகிறார் என்று கொதிப்பவர்கள் உண்டு. விதி அதை முழுமையாக அனுமதிக்கிறது. 1989 பிரெஞ்சு ஓபனில், தசைப்பிடிப்பால் நிற்கவே முடியாமல் தவித்த 17 வயது மைக்கேல் சாங், உலகின் முதல்நிலை வீரர் இவான் லெண்டலுக்கு எதிராக அப்படி ஒரு சர்வ் போட்டார். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார், அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றார்.

வலைக்கு அருகில் நிற்பவரின் உடம்பைப் பார்த்து அடிப்பதும் விதிக்கு உட்பட்டதுதான். பட்டுவிட்டால் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது வழக்கம். பந்து வலையின் மேல்பட்டியில் பட்டு அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்து புள்ளி கிடைத்தாலும் அப்படித்தான். ‘இது என் திறமையால் வந்த புள்ளி இல்லை, எனக்குத் தெரியும்’ என்பதற்கு அந்தக் கை. நல்ல அடி அடித்ததும் முஷ்டியை மடக்கிக் குதிக்கலாம். எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டதற்குக் குதிப்பதுதான் அசிங்கம்.

இங்கே ஒரு எல்லை உண்டு: இடையூறு. எதிராளி பந்தை அடிக்கும் நேரத்தில் அவர் கவனத்தைக் கலைக்கும் எந்தச் செயலும் இடையூறுதான். வேண்டுமென்று செய்தது என்றால் புள்ளி போகும், தற்செயல் என்றால் புள்ளியைத் திரும்ப ஆடலாம். வேண்டுமென்று என்பதற்கு ‘தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு’ என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்தச் செயலைச் செய்வதும் விடுவதும் அவர் கையில் இருந்ததா என்பதே கேள்வி. தொப்பி தானாகக் கழன்று விழுவது தற்செயல். வாய்விட்டுக் கத்துவது அப்படியல்ல. 2011 யுஎஸ் ஓபன் இறுதியில் செரீனா வில்லியம்ஸ் ஒரு பலமான அடி அடித்ததும், பந்து ஜெயித்துவிட்டது என்று நினைத்து ‘கமான்!’ என்று கத்தினார். சமந்தா ஸ்டோசர் ராக்கெட்டை நீட்டிப் பந்தைத் தொடும் நேரம் அது. புள்ளி ஸ்டோசருக்குப் போனது. செரீனாவிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. விதிக்கு அது தேவையும் இல்லை.

நாற்காலியில் நடுவர் இருந்தால்

தொழில்முறைப் போட்டிகளில் நடத்தைக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. நடத்தை விதியை மீறுவதற்கு ‘கோட் வயலேஷன்’ என்று பெயர். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவதுக்கு ஒரு புள்ளி பறிபோகும், மூன்றாவதுக்கு ஒரு கேம். மிக மோசமான மீறல் என்றால் படிப்படியாக ஏறத் தேவையில்லை, நேராக ஆட்டத்திலிருந்தே வெளியேற்றலாம்.

2018 யுஎஸ் ஓபன் இறுதியில் நவோமி ஒசாகாவுக்கு எதிராக செரீனா இந்த மூன்று படியையும் ஏறினார்: பயிற்சியாளரின் சைகைக்கு எச்சரிக்கை, ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு புள்ளி, நடுவரைத் திருடன் என்றதற்கு ஒரு கேம். அந்த முதல் படி இன்று குற்றமே இல்லை. கோர்ட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் யோசனை சொல்வதை 2025 முதல் ஐடிஎஃப் விதிகளே ஏற்கின்றன. 2020-இல் அதே யுஎஸ் ஓபனில் நோவாக் ஜோகோவிச், தான் சர்வ் போட்ட கேமை இழந்த எரிச்சலில் பார்க்காமல் பின்னால் தட்டிய பந்து ஒரு லைன் நடுவரின் தொண்டையில் பட்டது. நான்காம் சுற்றோடு அவர் வெளியேற்றப்பட்டார். குறிபார்த்து அடிக்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஆனாலும் தண்டனை மாறவில்லை.

கோட்டுத் தீர்ப்பு இப்போது பெரிய போட்டிகளில் மனிதர் கையை விட்டே போய்க்கொண்டிருக்கிறது. 2025-இல் விம்பிள்டனும் லைன் நடுவர்களை நிறுத்திவிட்டுக் கேமராக்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஆகவே சந்தேகத்தின் பலனை எதிராளிக்குக் கொடுக்கும் வழக்கம் முழு உயிரோடு இருப்பது இனி நம் ஊர்க் கோர்ட்டுகளில்தான்.

எதிராளி ஏமாற்றினால்?

முதலில் ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள்: ‘நிச்சயமா அவுட்டா?’ பல பேர் அந்தக் கேள்வியிலேயே யோசித்து மாற்றிவிடுவார்கள். ஏமாற்று என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவை கோணத்தால் வரும் தவறுதான். அவர் உறுதியாகச் சொன்னால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள், அது அவர் பக்கத்துத் தீர்ப்பு. பதிலுக்கு நீங்களும் ஒரு நல்ல பந்தை அவுட் என்று சொல்ல ஆரம்பித்தால் அங்கே நடுவர் என்று யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

போட்டி என்றால் வேறு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் பல கோர்ட்டுகளைச் சுற்றிப் பார்க்கும் ரோவிங் அம்பயர் இருப்பார். ஆட்டத்தை நிறுத்தி அவரைக் கூப்பிட உங்களுக்கு உரிமை உண்டு. அது புகார் சொல்வதாகாது. ஆனால் அவர் வந்து நின்ற பிறகு விழும் பந்துகளுக்குத்தான் அவர் தீர்ப்புச் சொல்ல முடியும், தான் பார்க்காத பந்தைப் பற்றி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கூப்பிடுவதென்றால் முதல் செட்டிலேயே கூப்பிடுங்கள்.